விபத்துக் காயங்களின் காரணங்களைக் கற்பிக்கும் ஓர் இணையப் பாடம்: மதிப்புரை

மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் கேஸ் ஷீட்டுகளைப் படித்து, பன்னாட்டு நோய் வகைப்பாட்டின்படி ஒவ்வொன்றுக்கும் குறியீடு இடுவது என் வேலை. பதினொரு ஆண்டுகளாக இதைச் செய்துவரும் எனக்கு, காயம்பட்டு வந்தவர்களின் கேஸ் ஷீட்டுகள்தாம் எப்போதும் மனக்குறையைத் தந்தன. எந்த எலும்பு முறிந்தது, எத்தனை தையல் போடப்பட்டது, எந்த மருந்து எந்த வேளையில் கொடுக்கப்பட்டது என்பதெல்லாம் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும்; அந்த மனிதர் எப்படிக் காயப்பட்டார் என்ற இடத்தில் மட்டும் 'கீழே விழுந்தார்' என்ற இரண்டு சொற்கள் இருக்கும். படியிலிருந்தா, கட்டிலிலிருந்தா, ஏணியிலிருந்தா, ஈரத்தரையில் வழுக்கியா என்று எதுவும் தெரியாத நிலையில், 'விவரம் குறிப்பிடப்படாத வீழ்ச்சி' என்று பொருள்படும் டபிள்யூ 19 என்ற குறியீட்டை இட்டுவிட்டு அடுத்த கேஸ் ஷீட்டை எடுப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்ததில்லை. இந்த மனக்குறைக்கு ஒரு துறையே பதில் தேடிக்கொண்டிருக்கிறது என்பதைத் தாமதமாகவே அறிந்தேன். அதைக் கற்பிக்கும் பன்னிரண்டு வார இணையப் பாடம் ஒன்றை முதலிலிருந்து கடைசிவரை படித்து முடித்திருக்கிறேன். கடைசியில் சில குறைகளையும் கூறப்போவதால், பாடத்தை நடத்தும் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தவிர்த்து, பாடத்தின் உள்ளடக்கத்தையும் தரத்தையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

வாரத்துக்கு இரண்டு மணி நேர விரிவுரை, ஒரு கணக்கீட்டுப் பயிற்சி, இறுதியில் ஒரு கட்டுரை என்பது இதன் அமைப்பு. அறிமுக வாரம் எண்களோடு தொடங்குகிறது. காயங்களாலும் வன்முறையாலும் உலகில் ஆண்டுதோறும் சுமார் 44 இலட்சம் பேர் இறக்கிறார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ 31.6 இலட்சம் பேர் யாரும் வேண்டுமென்று செய்யாத நிகழ்வுகளில் இறப்பவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சாலைகளில் மட்டும் 2021ஆம் ஆண்டில் 11.9 இலட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். 5 முதல் 29 வயது வரையிலானோரின் மரணத்துக்கு முதல் காரணமும் அதுவே. கீழே விழுந்து இறப்போர் ஆண்டுக்கு 6.84 இலட்சம் பேர். இவ்வளவு பெரிய எண்களைக் காட்டிவிட்டு, விரிவுரையாளர் உடனே 'விபத்து' என்ற சொல்லையே கேள்விக்கு உட்படுத்துகிறார். முன்கூட்டி அறியவோ தடுக்கவோ முடியாதது என்ற பொருளை அச்சொல் தன்னோடு சுமந்து வருவதால், 2001ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அதைத் தன் பக்கங்களில் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தது. தமிழில் நாம் 'விதி', 'கெட்ட நேரம்' என்று சொல்லி முடித்துக்கொள்ளும் இடமும் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆயினும், அன்றாடப் பேச்சிலிருந்து அந்தச் சொல்லை அகற்ற முடியுமென நான் நம்பவில்லை; இக்கட்டுரையிலும் அதைத் தவிர்க்கவில்லை.

வரலாற்றுப் பகுதி நன்றாக இருக்கிறது, ஆனால் வேகமாகக் கடந்துவிடுகிறது. நோய்கள் பரவும் முறையை ஆராயும் அதே கருவிகளால் விபத்துகளையும் ஆராயலாம் என்று 1949இல் நோய்ப்பரவல் ஆய்வாளர் ஜான் கார்டன் எழுதியதிலிருந்து அது தொடங்குகிறது. 1917இல் விமானப் பயிற்சியின்போது நேர்ந்த மோதலில் உயிர்தப்பிய ஹியூ டி ஹேவன், தாம் ஏன் பிழைத்தோம் என்ற கேள்வியை வாழ்நாள் ஆய்வாக மாற்றிக்கொண்டவர். 50 அடி முதல் 150 அடி வரை உயரத்திலிருந்து விழுந்தும் உயிரோடிருந்தவர்களின் கதைகளைச் சேகரித்து, உடல் எவ்வளவு தூரத்தில், எந்தப் பரப்பின் மீது தன் வேகத்தை இழக்கிறது என்பதே சாவையும் பிழைப்பையும் பிரிக்கிறது என்று 1942இல் அவர் காட்டினார். காருக்குள் இருக்கும் மனிதரைக் காக்கும் வடிவமைப்புகளுக்கு வழிகாட்டிய சிந்தனை இது. இவருக்குப் பத்து நிமிடங்களே ஒதுக்கியிருப்பது எனக்கு வருத்தம் தந்தது.

நான்காம் வாரம்தான் இப்பாடத்தின் உயிர்நாடி. காயத்தை உண்டாக்கும் கிருமி எது என்று கேட்டால், ஆற்றல்தான் என்று 1961இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன் விடை சொன்னார். இயக்க ஆற்றல், வெப்பம், மின்சாரம், வேதி ஆற்றல், கதிர்வீச்சு ஆகியவற்றில் ஏதோ ஒன்று, உடல் தாங்கக்கூடிய அளவை மீறி உடலுக்குள் பாய்வதே காயம் என்பது அவருடைய கருத்து. நீரில் மூழ்குவதைப் போல, உடலுக்குத் தேவையானது தடைபடுவதும் காயமாகும் என்பதைச் சேர்த்து, இதை முழுமையான சட்டகமாக வளர்த்தவர் வில்லியம் ஹேடன். 1966இல் அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புக்கென அரசு முகமை உருவானபோது அதன் முதல் தலைவராக இருந்த மருத்துவர் அவர். நிகழ்வுக்கு முன், நிகழும் நொடியில், நிகழ்ந்த பின் என்று மூன்று வரிசைகளையும், மனிதர், ஆற்றலைக் கொண்டுவரும் பொருள், சுற்றுச்சூழல் என்று நிரல்களையும் கொண்ட கட்டம் அவர் பெயரால் அறியப்படுகிறது.

கட்டத்தைப் படத்தில் பார்ப்பது எளிது. அதை நிரப்புவதில்தான் கல்வி இருக்கிறது. குழாயிலிருந்து வரும் வெந்நீரால் குழந்தைகள் வெந்துபோவதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் முதலில் நிரப்புவது ஒரே ஒரு கட்டத்தை: நிகழ்வுக்கு முன், மனிதர், அதாவது 'பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும்'. நானும் அதைத்தான் எழுதினேன். பிறகு விரிவுரையாளர் வெப்பநிலையைக் காட்டுகிறார். 60 பாகை செல்சியஸில் இருக்கும் நீர், வளர்ந்தவரின் தோலை ஆழமாக எரிக்கச் சுமார் 5 வினாடிகள் போதும். 49 பாகையில் இருக்கும் நீருக்கோ அதே காயத்தை உண்டாக்கப் பல நிமிடங்கள் தேவை. குழந்தையின் தோல் மெல்லியது என்பதால் அதற்கு இன்னும் குறைந்த நேரமே ஆகும். 5 வினாடிக்குள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கும் தாய் உலகில் எங்கும் இல்லை. பல நிமிடங்கள் இருந்தால் எல்லாத் தாய்மாரும் தூக்கிவிடுவார்கள். ஆகவே கவனம் தேவையில்லை என்பதல்ல பொருள். கவனம் பலிப்பதற்கு வேண்டிய அவகாசத்தைக் கருவியின் அமைப்பே தர வேண்டும் என்பதே பொருள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 1983இல் புதிய வெந்நீர்க் கொதிகலன்களை 49 பாகையில் அமைக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது இந்தக் கணக்கின் அடிப்படையில்தான். பதினொரு ஆண்டுகளில் நான் குறியீடு இட்ட வெந்நீர்க் காயங்களுள் ஒன்றில்கூட நீரின் வெப்பநிலை எழுதப்பட்டதாக நினைவில்லை. அதை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை.

இதே வாரத்தில் வரும் மற்ற இரண்டு எடுத்துக்காட்டுகளும் சிறந்தவை. அமெரிக்காவில் 1970இல் நச்சுத் தடுப்புப் பொதிவுச் சட்டம் வந்து, சிறு குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடிகள் மருந்துப் புட்டிகளுக்குக் கட்டாயமாகின. மருத்துவர் சீட்டில் எழுதித்தரும் வாய்வழி மருந்துகளை விழுங்கி இறக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விகிதம் அம்மூடிகளால் சுமார் 45 விழுக்காடு குறைந்ததாகப் பின்னர் வந்த ஆய்வு கணித்தது. நியூயார்க் நகரில், அடுக்குமாடிச் சன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுவதைத் தடுக்க 1972இல் தொடங்கிய திட்டம், வீழ்ச்சிகளைப் பற்றி மருத்துவமனைகளிலிருந்து தகவல் திரட்டி, வீடுகளுக்குச் சென்று பேசி, சன்னல் கம்பித் தடுப்புகளை இலவசமாகக் கொடுத்தது. பிராங்ஸ் பகுதியில் இரண்டே ஆண்டுகளில் இத்தகைய வீழ்ச்சிகள் பாதியாகக் குறைந்தன. 1976இல் தடுப்புகள் சட்டப்படி கட்டாயமாகின. எந்த மாடி, எந்தச் சன்னல், எத்தனை வயது என்று முதலில் யாரோ எழுதிவைத்ததால்தான் தடுப்பை எங்கே பொருத்துவது என்று தெரிந்தது என்பதை விரிவுரையாளர் அழுத்திச் சொல்கிறார். என் போன்றவர்கள் செய்யும் வேலையின் மதிப்பை வேறு எவரும் எனக்கு இவ்வளவு தெளிவாக உணர்த்தியதில்லை.

ஆய்வு முறைகளைக் கற்பிக்கும் ஆறாம், ஏழாம் வாரங்களுக்குப் புள்ளியியலில் ஓரளவு பழக்கம் வேண்டும். மிதிவண்டித் தலைக்கவசம் பற்றி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடத்தப்பட்டு 1989இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வை வரி வரியாகப் பிரித்துப் படிக்கச் செய்கிறார்கள். தலையில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த மிதிவண்டியாளர்களை யாரோடு ஒப்பிடுவது என்பதே அங்கே மையக் கேள்வி. வேறு உறுப்புகளில் அடிபட்டு அதே பிரிவுக்கு வந்தவர்கள் ஒரு குழு. மிதிவண்டியில் விழுந்தும் மருத்துவமனைக்கு வரத் தேவையில்லாதவர்களையும் உள்ளடக்கியது இன்னொரு குழு. தலைக்கவசம் தலைக்காய ஆபத்தை 85 விழுக்காடு குறைப்பதாக அந்த ஆய்வு கண்டது. பின்னர் பல ஆய்வுகளைத் தொகுத்துச் செய்த கணிப்புகளில் சில இதைவிடக் குறைந்த பயனையே காட்டின. கவசம் அணிபவர்கள் இயல்பிலேயே நிதானமாக ஓட்டுபவர்களாக இருந்தால் என்னவாகும் என்ற கேள்வியை மாணவர்களே எழுப்பும்படி பாடம் நடத்தப்படுவதும், அதன் பிறகும் கவசத்தின் பயன் நிலைத்து நிற்கிறது என்று காட்டப்படுவதும் நேர்மையான கற்பித்தல். வாகனம் ஓட்டும்போது கைபேசியில் பேசுவதைப் பற்றிய 1997ஆம் ஆண்டின் ஆய்வில், மோதலில் சிக்கிய 699 ஓட்டுநர்களோடு வேறு யாரையும் ஒப்பிடாமல், அதே ஓட்டுநரின் முந்தைய நாளின் அதே நேரத்தையே ஒப்பீடாகக் கொண்ட உத்தியும் விளக்கப்படுகிறது. ஒருவருடைய குணமும் பழக்கமும் இரு நாள்களிலும் ஒன்றுதான் என்பதால், குணத்தின் மீது பழிபோட அங்கே இடமே இல்லை. பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மோதலுக்கான வாய்ப்பு சுமார் நான்கு மடங்காக இருந்தது. கையில் பிடிக்காமல் பேசும் கருவிகளாலும் அது குறைந்ததாகத் தெரியவில்லை.

எட்டாம் வாரத்தின் பயிற்சி ஒன்றை நான் பலரிடம் செய்துகாட்டியிருக்கிறேன். ஒரு தொழிற்கூடத்தில் நூறு பேர் ஒரே வேலையை ஒரே விதமாகச் செய்கிறார்கள், ஓராண்டில் நூறு விபத்துகள் நேர்கின்றன, ஒவ்வொன்றும் யார் மீதும் விழச் சமவாய்ப்பு உண்டு என்று வைத்துக்கொள்வோம். தற்செயல் மட்டுமே வேலை செய்யும் அந்த உலகத்திலும், சுமார் 37 பேருக்கு எதுவும் நேராது. சுமார் 8 பேர் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விபத்துகளில் சிக்குவார்கள். அந்த எட்டுப் பேரின் கணக்கில் மட்டும் ஏறக்குறைய 26 விபத்துகள் சேர்ந்திருக்கும். மேற்பார்வையாளர் ஒருவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால், 'இந்த எட்டுப் பேர்தாம் பிரச்சினை' என்றே முடிவெடுப்பார். 1919இல் கிரீன்வுட், வுட்ஸ் என்ற ஆய்வாளர்கள் பிரிட்டனின் வெடிமருந்துத் தொழிற்சாலைப் பெண்களை ஆராய்ந்தபோது, தற்செயலால் விளக்கக்கூடியதைவிடச் சற்றுக் கூடுதலான ஏற்றத்தாழ்வு இருப்பதைக் கண்டார்கள். ஆனால் அதிலிருந்து பிறந்த 'விபத்துக்கு ஆளாகும் இயல்பு' என்ற கருத்து, அவர்கள் கண்டதைவிட வெகுதூரம் ஓடிவிட்டது. 1931இல் ஹெய்ன்ரிக் என்ற காப்பீட்டுத் துறையாளர் தொழிற்கூட விபத்துகளில் 88 விழுக்காட்டுக்குத் தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களே காரணம் என்று எழுதியதும், அந்த எண் பல தலைமுறைகளாக மேற்கோளாகச் சுழன்றுவந்ததும், அதன் மூலப் பதிவுகளை இன்று யாரும் சோதித்துப் பார்க்க முடியாது என்பதும் அடுத்துச் சொல்லப்படுகின்றன. படிவத்தை நிரப்பியவர் மேற்பார்வையாளர் என்றால், காரணம் என்ற இடத்தில் இயந்திரத்தின் மூடியில்லாத பல்சக்கரத்தைவிடத் தொழிலாளியின் கவனக்குறைவே எளிதில் எழுதப்படும் என்று விரிவுரையாளர் கூறியபோது, என் மேசையில் குவியும் தாள்களை நினைத்துக்கொண்டேன்.

இனி குறைகள். மிகப் பெரிய குறை, தரவு மூலங்களைப் பற்றிய ஒன்பதாம் வாரம். சாலை மரணங்களில் 92 விழுக்காடு குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நேர்வதாக முதல் வாரத்தில் சொன்னவர்கள், பயிற்சிக்குத் தரும் தரவுகளை எல்லாம் செல்வ நாடுகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். மருத்துவமனைக்கே வராமல் இறப்பவர்களின் காரணத்தை, குடும்பத்தாரிடம் முறைப்படி கேள்வி கேட்டு அறியும் வாய்மொழி ஆய்வுக்கு அரை விரிவுரைதான் கிடைத்திருக்கிறது. இந்த முறையின் வலிமைக்கு இந்தியாவின் பத்து இலட்சம் மரணங்கள் ஆய்வைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? பாம்புக்கடியால் 2005இல் மட்டும் ஏறத்தாழ 46,000 பேர் இறந்திருக்கலாம் என்று அந்த ஆய்வு கணித்தது. மருத்துவமனைகளின் வழியே அரசுக்கு வந்த எண்ணிக்கை அதில் மிகச் சிறிய பகுதியே. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளுக்கு, பின்னர் வந்த கணிப்பு 12 இலட்சம் மரணங்கள் என்கிறது. வயலிலும் வீட்டிலும் இறந்தவர்கள் கணக்கில் வராதவரை, மருந்து எங்கே இருப்பு வைக்கப்பட வேண்டும் என்பதும் தவறாகவே முடிவாகும். பாடத்தில் இது ஒரே ஒரு படத்துண்டாக வந்துபோகிறது.

நீரில் மூழ்கும் மரணங்களுக்கும் இதே கதிதான். 2021இல் உலகில் 3 இலட்சம் பேர் மூழ்கி இறந்ததாகவும், அவர்களில் கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்டவர் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வங்கதேசக் கிராமங்களில் வீட்டுக்கு அருகிலுள்ள குளங்களில், தாய்மார் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் வேளையில் குழந்தைகள் அதிகம் இறக்கிறார்கள் என்பதைக் கண்டறிந்து, அந்த நேரத்துக்கு மட்டும் ஊருக்குள் குழந்தைக் காப்பிடங்களை அமைத்தார்கள். அங்கே சேர்ந்த குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்ததாக ஆய்வு காட்டியது. எங்கே, எப்போது, யார் என்ற கேள்விகளுக்கான விடையிலிருந்து தீர்வு நேராகப் பிறந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இதற்கு ஒரு முழு வாரம் கொடுத்திருக்க வேண்டும். நீச்சல் குளத்து வேலிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

முதியோரின் வீழ்ச்சியைப் பற்றிய பகுதியும் எனக்கு நிறைவு தரவில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்த ஒருவர் மூன்று வாரம் கழித்து நிமோனியாவால் இறந்தால், மரணச் சான்றிதழில் நிமோனியா மட்டும் எழுதப்பட்டு, தொடக்கக் காரணமான வீழ்ச்சி காணாமல் போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அடிப்படைக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை விளக்க ஒரு மணி நேரமாவது செலவிட்டிருக்கலாம். விரிவுரை இதை ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டு, வீழ்ச்சியைத் தடுக்கும் உடற்பயிற்சிக்குச் சென்றுவிடுகிறது.

மதிப்பெண் இடும் முறை ஏமாற்றமளித்தது. இறுதிக் கட்டுரையைச் சக மாணவர்கள் மூவர் திருத்துகிறார்கள். ஆசிரியர்கள் எவரும் பார்ப்பதில்லை. படிக்கட்டு வீழ்ச்சிகளில் படியின் உயரம், கைப்பிடி, வெளிச்சம் ஆகியவற்றைப் பதிவு செய்வது பற்றி நான் எழுதியிருந்தேன். 'பெரியவர்கள் பார்த்து நடந்தால் போதும்' என்ற குறிப்போடு ஒருவர் மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். மதிப்பெண் போனதில் வருத்தமில்லை. பன்னிரண்டு வாரங்கள் படித்த பிறகும் ஒருவர் 'கவனமாக இருக்க வேண்டும்' என்ற அந்த முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டார் என்பதும், அதைச் சரிசெய்ய ஓர் ஆசிரியர்கூட அங்கே இல்லை என்பதும்தான் வருத்தம். விரிவுரைகளின் எழுத்து வடிவம் கணினியால் தானாக உருவாக்கப்பட்டது. குறியீடுகளும் பெயர்களும் பல இடங்களில் பிழையாக வருகின்றன. காது கேளாதவர்கள் அதை நம்பிப் படிக்க முடியாது.

மருத்துவப் பதிவேட்டுப் பணியாளர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்கள், தொழிற்கூடப் பாதுகாப்பு அலுவலர்கள், பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கு இப்பாடத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். நேரமில்லாதவர்கள் நான்காம், எட்டாம் வாரங்களை மட்டுமாவது பயிற்சிகளோடு சேர்த்துப் படிக்கலாம். விகிதம், வாய்ப்பு விகிதம், நம்பக இடைவெளி ஆகியவை அறிமுகமில்லாதவர்கள் ஆறாம் வாரத்துக்கு முன் ஓர் அடிப்படைப் புள்ளியியல் நூலைப் புரட்டிக்கொள்வது நல்லது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் போதுமென்று பாட அறிவிப்பு சொல்கிறது. எனக்கு ஏழு மணி நேரம் தேவைப்பட்டது.

பாடத்தை முடித்த பிறகு, எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் தலைமைச் செவிலியரோடு பேசி, காயத்தோடு வருபவர்களுக்கென அரைப்பக்கப் படிவம் ஒன்றைத் தயாரித்தோம். எங்கே இருந்தீர்கள், என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எதன் மீது அல்லது எதிலிருந்து, எவ்வளவு உயரம் அல்லது வேகம் என்று நான்கே கேள்விகள். கூட்டம் மிகுந்த இரவுகளில் அது இன்னும் வெறுமையாகத்தான் திரும்பி வருகிறது. நிரப்பப்பட்டு வரும் நாள்களில் டபிள்யூ 19ஐ இட வேண்டிய தேவை எனக்கு மிகவும் குறைந்திருக்கிறது. குளியலறை வாசலில் உள்ள சிறு படியில் தடுக்கி விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் இப்போது என்னால் எண்ணிச் சொல்ல முடியும். வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு 2022 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டதால், இன்னும் பத்தாம் பதிப்பின் குறியீடுகளையே பயன்படுத்தும் மூன்றாம் வாரப் பயிற்சியைப் புதுப்பிக்கும்படி பாடத்தினருக்கு எழுதியிருக்கிறேன். புதுப்பித்தால் அந்த வாரத்தை மறுபடியும் எடுப்பேன்.